ஜெசிந்தாவின் அப்பா மீது நான் அடித்த வெள்ளை

நமது கலைக்கூடத்தில் புதிதாக இடம் பிடித்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். ஜன்னலோரத்து நாலாம் இடம் இந்த மாதத்தோடு காலியாகிறது. இருபத்திரண்டு வருடம் அங்கே நின்று படம் வரைந்தவன் நான். வரைந்தேன் என்பதைவிட, வரைகிறவனைப் போல நின்றேன் என்பது பொருத்தமாக இருக்கும். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நேர்கோடு போட்டால் அலை மாதிரி வருகிறது. அதனால் கடைசி இரண்டு வருடமும் கடலாகவே வரைந்து சமாளித்தேன். இப்போது கடலுக்கும் கை ஒத்துழைக்கவில்லை.

வந்த முதல் நாளே என் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கண்ணாடி போடாமல் வந்து, அடுத்தவர் படத்தின் மேல் வெள்ளை அடித்த பெரியவர் கதை. எதிர் டீக்கடையில் டீ ஆற்றுகிறவருக்குக்கூட அது மனப்பாடம். நானே எத்தனையோ கூட்டங்களில் கையையும் காலையும் ஆட்டி அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இடத்தைக் காலி செய்ய மனம் வரவில்லை.

முதலில் இந்த இடத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது பழைய உப்புக் கிட்டங்கி. மூட்டைகள் போய் முப்பது வருடம் ஆகியும் மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூக்கும். எந்தப் படத்தையும் சுவரில் சாய்க்க முடியாது. ஆறு பேருக்கு ஆறு தடுப்பு. தடுப்புப் பலகை தோள் உயரம்தான், கீழேயும் ஒரு முழம் இடைவெளி. ஒருவர் தும்மினால் ஐந்து பேர் படத்திலும் கோடு தப்பும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை இருக்கிறது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இனி தேறாது என்று ஒருவர் கைவிட்ட படத்தை, பின்பக்கம் கரித்துண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டு அங்கே வைத்துவிட வேண்டும். பிறகு அது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்து, மேலே வெள்ளை பிரைமர் அடித்து, காய்ந்ததும் தன் படத்தை வரைந்துகொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் கைவிட்டவருக்கு இன்னொரு முறை வலிக்கும் என்பதால் கேட்காமல் எடுப்பதே மரியாதை. என் படம் ஒன்று வெளியூர்க் கண்காட்சிக்குப் போனது. அதற்கு அடியில் இரண்டு பேர் கைவிட்ட படங்கள் கிடக்கின்றன. மேலே இருப்பதைவிட அடியில் இருந்தவை தேவலை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு உடன்குடியில் கருப்பட்டி மண்டி. என் அண்ணன்மார் மூன்று பேரும் வியாபாரத்தில் கெட்டி. என்னைக் கடையில் உட்கார வைத்தால் மூட்டை தூக்குகிறவரின் முதுகை வரைந்துகொண்டு இருப்பேன், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் பாராட்டு என்ற சரக்கே கிடையாது. எதிர்க்கடைக் கருப்பட்டி நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். நான் கடையை விட்டு வந்தேனே தவிர, அந்தப் பழக்கத்தை விட்டு வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் பக்கத்துத் தடுப்பை எட்டிப்பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறேன். அதுவே எனக்குத் தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திறமைக்கு ஏற்ற கர்வம் இருந்தால் சகித்துக்கொள்ளலாம். எனக்குக் கர்வம் மட்டும் இருந்தது. திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ் முதலாளி வரவேற்பறையில் மாட்ட ஒரு படம் கேட்டார். நான் ஒரு மாதம் பாடுபட்டு ஆறடிக் கடலை வரைந்து, வேன் வைத்துக் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார்.

"அண்ணாச்சி, இதத்தான் தெனமும் சும்மா பாத்துக்கிட்டு இருக்கோம். வாரவனும் இதப் பாக்கத்தான் வாரான். பச்சப் பசேல்னு ஒரு மல, ஒரு அருவி போட்டுத் தாங்களேன்."

அவரிடம் ஒரு மணி நேரம் கலையைப் பற்றிப் பேசினேன். காப்பி வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் அருவி வரைய ஆரம்பித்தேன். இப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்து இடத்தில்தான் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள்.

ஜெசிந்தா ஆலந்தலைப் பெண். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சனி, ஞாயிறுகளில் மட்டும் வருவாள். அவளுடைய அப்பா சங்கு குளிக்கப் போனவர், பாதி வாழ்க்கையைக் கடலடியில் கழித்தவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கீழ்த்தாடையில் கட்டி வந்தது. வெற்றிலையும் புகையிலையும் கொடுத்தது. தாடையில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும், முகம் முன்போல் இருக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருந்த நாலு ஞாயிறும், பூசை முடிந்த கையோடு அப்பாவைப் பஸ் ஏற்றி இங்கே கூட்டிவந்தாள். அந்த முகத்தை வரைந்து வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"போட்டோ இல்லியாளா?" என்று கேட்டேன்.

"போட்டோன்னா அப்பா ரேஷன் கார்டுக்கு நிக்க மாதிரி நிப்பாவ, அண்ணாச்சி. பொய் சொல்லும்போது தாடைய ஒரு பக்கமா தள்ளுவாவல்லா, அது ஒரு போட்டோலயும் இல்ல."

அவள் சொன்னது சரி. அந்த மனுஷன் வாய் திறந்தால் பாதி புளுகு. தான் கண்ட சுறா ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் வளர்ந்தது. கடலுக்கடியில் அசையாமல் இருக்கத் தெரிந்தவருக்கு நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியவில்லை. நடுவில் எழுந்து வந்து என் தடுப்பை எட்டிப்பார்த்தார்.

"அண்ணாச்சி என்ன வரையுதீய?"

"கடல்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த ஊர்க் கடலு? நா முங்குன எடத்துல எல்லாம் இந்தக் கலர் கெடையாதே," என்றார். ஜெசிந்தா சிரிப்பை அடக்க இருமினாள். அவள் வரைந்துகொண்டிருந்த படத்தை நான் எட்டிப்பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான்.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலியில் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை நல்ல மழை. ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இங்கே வந்து பார்த்திருக்கிறாள். அவள் இடத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகியிருக்கிறது. சுவரோரம் உப்பு ஈரம். நனையாத ஒரே இடம் மாடிப்படி மூலை. படத்தை அங்கே வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை நான் மட்டும் வந்தேன். இரண்டு வாரத்தில் எனக்குக் கண்காட்சி, கேட்டிருந்த புதுக் கேன்வாஸ் மழையால் வந்துசேரவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு கேன்வாஸ் இருந்தது. முதுகுப்பக்கம் பார்த்தேன். பெருக்கல் குறி இல்லை. முகப்பக்கம் திருப்பினேன்.

நான் சொல்லிவந்த கதையில் இந்த இடத்தில்தான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவனாக வருவேன். உண்மையில் கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

படத்தில் ஜெசிந்தாவின் அப்பா ஏதோ புளுகிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நாம் நம்பிவிட்டோமா என்று கண் நம்மைச் சோதித்தது. ஒரு காது வெறும் கோடாக நின்றது, சட்டைக் காலர் பாதியில் நின்றது. மற்றபடி அந்த ஹாலில் நான் பார்த்த முகங்களில் அது ஒன்றுதான் முகம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. புரிந்த உடனே வயிறு எரிந்தது. எவ்வளவு மரியாதையாகச் சொல்லப் பார்த்தாலும் அதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

பிறகு மூளை எனக்காக வாதாட ஆரம்பித்தது. காது முடியவில்லை, காலர் முடியவில்லை, ஆகவே கைவிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் குறி போட மறந்திருப்பாள். கேட்பது மரியாதை இல்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது, ஒரு நிமிடத்தில் கேட்டிருக்கலாம். நான் பிரைமர் டப்பாவைத் திறந்து, பட்டைத் தூரிகையை எடுத்தேன்.

வெள்ளை அடித்து ஒரு மணி நேரம் இருக்கும். போன் வந்தது.

"அண்ணாச்சி, ஹால்லயா இருக்கீய? அப்பா படத்தப் படிக்கட்டுக்குக் கீழ வச்சிருக்கேன், மேல ஒழுகுது பாத்துக்கிடுங்க. குறி ஒண்ணும் போடல. தெரியாம யாரும் எடுத்துரப் போறாவ, கொஞ்சம் பாத்துக்கிடுதீயளா?"

"சரிளா. பத்திரமா இருக்கு," என்றேன்.

பத்திரமாகத்தான் இருந்தது. என் ஸ்டாண்டில், பால் வெள்ளையாக, கண்காட்சிக்குத் தயாராக.

பதற்றத்தில் மனுஷனுக்கு மூளை நிற்கும், கை நிற்காது. இதை மட்டும் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையாகச் சொல்கிறேன். என் கை தின்னர் பாட்டிலைத் தேடிப் பிடித்தது. துணியை நனைத்து முகத்தின் கீழ்ப்பாகம் இருந்த இடத்தில் தேய்த்தேன். வெள்ளை போயிற்று. அதோடு சேர்ந்து அடியில் இருந்ததும் போயிற்று. துணியில் மாநிறமாக ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகும் இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். தேய்த்தால் சரியாகிவிடும் என்று எப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"கைய எடுங்க அண்ணாச்சி."

பின்னால் ஆறாம் இடத்து அக்கா நின்றார். தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. மாதா கோயில் சுரூபங்களுக்கு, அதாவது புனிதர் சிலைகளுக்கு, வர்ணம் தீட்டுகிறவர். அவர் வேலையில் பாதி, வர்ணத்தை எடுப்பதுதான். ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருவிழாவுக்குத் திருவிழா யாராவது கடையில் கிடைத்த பெயிண்டை வாங்கி மாதா முகத்தில் அடித்து வைப்பார்கள். அதையெல்லாம் நீக்கிப் பழைய முகத்தை வெளியே கொண்டுவர அக்காவைக் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு கையையும் எடுங்க," என்றார் மறுபடி. "என்னத்த வச்சுத் தேச்சீய?"

"தின்னர்."

"எங்கன?"

"இங்கன, இந்த எடத்துல மட்டும்."

நடந்ததைச் சொன்னேன். படத்தைப் பார்த்தேன் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வெள்ளையின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"அடிக்கதுக்கு முன்னால உப்புத்தாள் போட்டுத் தேச்சீயளா?"

"இல்ல."

"தேய்க்கணும்னு எத்தன வருசமா சொல்லுதேன்? எண்ணெய்ப் படத்து மேல தேய்க்காம தண்ணி வெள்ளைய அடிச்சா அது பிடிக்காது, தோலு மாதிரி மேல நிக்கும். மழ ஈரத்துல இன்னும் முழுசா காயவும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள எடுத்தா வந்தாலும் வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "வேல தெரிஞ்ச ஆளு அடிச்சிருந்தா இந்தப் படம் போயிருக்கும். நல்லவேள, நீங்க அடிச்சீய."

என் தொழில்வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி ஒருவர் மனமாரச் சொன்ன நல்ல வார்த்தை அது.

"அப்ப எடுங்கக்கா," என்றேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நா எப்படி எடுக்கது? எடுக்கையில மொகமும் சேந்து வந்துரலாம். வந்தா வரட்டும், எடுங்கன்னு சொல்ல வேண்டியது அவ. நீங்களும் இல்ல, நானும் இல்ல. போனப் போடுங்க."

"நாளைக்கு ஆபரேஷன் அக்கா. இப்பப் போயி அந்தப் பிள்ள மனச நோகடிக்கணுமா? சத்தம் காட்டாம எடுத்துப் பாப்போம். வரலன்னா அவரு நல்லபடியா வீட்டுக்கு வந்த பெறகு சொல்லிக்கிடலாம்."

"இது அவளுக்காகச் சொல்லுதீயளா, உங்களுக்காகவா?"

அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். அந்தக் கால் மணி நேரமும் நான் ஹாலில் மேலும் கீழும் நடந்தேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாதவனைப் போல ஜன்னலுக்கும் கதவுக்கும் போய்வந்தேன். போனில் சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது.

கடைசியில் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராண்டாவின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, பாத்துட்டா அடிச்சீய, பாக்காமலா?"

"பாக்கலளா. கண்ணாடி போடாம வந்துட்டேன்."

"அக்காகிட்ட குடுங்க."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "உறுதி சொல்ல மாட்டேன்ளா" என்றார் ஒரு முறை. பிறகு "சரி" என்று போனை என்னிடம் தந்து, "எடுக்கச் சொல்லிட்டா, வெந்நி கொண்டாங்க" என்று சேலையை இழுத்துச் செருகினார்.

அன்று மாலைவரை என் வேலை டீக்கடைக்கும் ஹாலுக்கும் வெந்நீர் சுமப்பது. நாலாவது தடவை டீக்கடைக்காரர், "உள்ள என்ன அண்ணாச்சி, பிரசவமா?" என்று கேட்டார். அக்கா வெதுவெதுப்பான ஈரத்துணியை வெள்ளையின் மேல் ஒற்றி வைத்துக் காத்திருப்பார். பிறகு மழுங்கிய மரக்கத்தியால் ஓரத்தைக் கிளப்புவார். ஆறிய பாலின் ஏடு மாதிரி அது சுருண்டு வந்தது. முதலில் தோள், பிறகு அந்த முடியாத காலர். முகத்துக்கு வந்ததும் அக்கா கை நின்றது.

"மத்த எடத்துல ஒரு பூச்சுதான் இருக்கு. மொகத்துல மட்டும் ரெண்டு பூச்சா?"

"அங்கன சரியா பிடிக்கல, அதான்."

"ம்," என்றார் அக்கா.

ஒரு பூச்சு அடித்த பிறகும் வெள்ளைக்குள் இருந்து அந்தக் கண் தெரிந்தது. நம்பிவிட்டாயா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் முகத்துக்கு மட்டும் இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கண் வந்தது, நெற்றி வந்தது, மூக்கும் கன்னங்களும் மேலுதடும் வந்தன. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கீழுதட்டுக்குக் கீழே, நான் தின்னர் போட்டுத் தேய்த்த இடத்தில், அழுக்குப் பழுப்பாக ஒரு தேய்ப்பும் அதற்கு நடுவில் வெறும் கேன்வாஸ் துணியும் இருந்தன. தாடை இல்லை. அவள் எதற்காக நாலு ஞாயிறு அவரை உட்கார வைத்தாளோ அது போய்விட்டது. நான் அழுதேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்ப அழுங்க, இனி ஒண்ணும் கெடாது" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெசிந்தா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தின் கீழ்ப்பாதியைத் துண்டால் சுற்றியிருந்தார். பேச்சு குழறியது. மகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் என் தடுப்புக்குள் மூச்சுக் காட்டாமல் குனிந்து நின்றேன். பலகைக்கு அடியில் ஒரு முழம் இடைவெளி இருப்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவர் என் செருப்பைப் பார்த்துக் கையால் காட்ட, ஜெசிந்தா வந்து என்னை வெளியே கூப்பிட்டாள்.

அவர் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு துண்டை அவிழ்த்தார். வலது கன்னத்துக்குக் கீழே குழி விழுந்து, வாய் அந்தப் பக்கமாக இழுத்திருந்தது. படத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஜெசிந்தா சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

"என்ன சொல்லுதாரு?"

"டாக்டர் வெட்டுன எடத்துலயே அண்ணாச்சியும் வெட்டியிருக்காரு, அளவு மாறலங்காவ."

தாடையை மறுபடி வரைந்து தருகிறேன் என்று ஜெசிந்தா சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது தன் ஜாடை சரியாக இருக்கிறது என்று அப்படியே ஆலந்தலைக்கு எடுத்துப்போனார். இன்றும் அது அவர் வீட்டில்தான் இருக்கிறது. அவரும் நன்றாக இருக்கிறார். கஞ்சியும் இட்லியுமாகச் சாப்பிடுகிறார், குழறிக் குழறி இன்னும் புளுகுகிறார் என்று கேள்வி. இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஐந்து வருடம் இங்கேதான் முடித்துவந்தேன்.

ஆனால் ஜெசிந்தாவுக்குக் கதை முடியவில்லை. பழைய முகத்தை அவள் மறுபடி வரையத் தொடங்கினாள். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் கேன்வாஸ். கண் வரும், நெற்றி வரும், தாடையில் வந்து நிற்கும். அழிப்பாள், போடுவாள், அழிப்பாள். "அன்னைக்கு எப்படிப் போட்டேன்னே தெரியல அண்ணாச்சி, கை தானா போட்டுச்சு," என்று ஒரு நாள் பலகைக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். படிக்கட்டுக்குக் கீழே இதுவரை அவள் பெருக்கல் குறியோடு நாலு படங்கள் வந்திருக்கின்றன. நாலையும் வேறு யாரோ எடுத்தார்கள். நான் தொடவில்லை.

அவள் எங்கே தப்புச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அது முழுசாக இருந்தபோது கடைசியாகப் பார்த்த கண் என்னுடையது. வயிற்றெரிச்சலோடு பார்த்தது ஒன்றும் மறப்பதில்லை. இப்போது அவள் கீழுதட்டுக்குக் கீழே நிழல் போடுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாள், அங்கே நிழல் வர வேண்டும் என்பது பாடம். அந்தப் படத்தில் அவள் அங்கே நிழலே வைக்கவில்லை. வர்ணம் போடாமல் கேன்வாஸ் துணியின் வெளிச்சத்தை அப்படியே விட்டிருந்தாள். அதனால்தான் தாடை நகர்ந்தது. ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால், பார்த்தேன் என்று ஆகிவிடும். ஐந்து வருடம் அவள் அழிப்பதையும் போடுவதையும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே கடல் வரைந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஜெசிந்தா ஐந்தாவது கேன்வாஸில் தாடைக்கு வந்திருந்தாள். கறுப்பு வர்ணத்தைத் தொட்டுக் கீழுதட்டுக்குக் கீழே வைப்பது தெரிந்தது. நான் எழுந்து போய் அவள் பின்னால் நின்றேன்.

"கீழ உதட்டுக்குக் கீழ இருட்டுப் போடாதளா," என்றேன். "அன்னைக்கு நீ அங்கன நெழலே வைக்கல. துணிய அப்படியே விட்டிருந்த."

தூரிகை நின்றது. அவள் திரும்பவில்லை.

"அப்ப பாத்துட்டுத்தான் அடிச்சீய."

"பாத்துட்டுத்தான் அடிச்சேன். கண்ணாடி போட்டிருந்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் அடிச்சேன்."

அவள் தூரிகையைத் துணியில் துடைத்தாள்.

"தெரியும் அண்ணாச்சி. மொகத்துல மட்டும் ரெண்டு பூச்சுன்னு அக்கா அன்னைக்கு ராத்திரியே போன்ல சொன்னாவ. பாக்காதவரு எதுக்கு மொகத்துக்கு மட்டும் ரெண்டு தடவ அடிக்காரு?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"இந்த ஹால்ல எம்படத்த நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க அந்த ரெண்டாவது பூச்சுல சொன்னீய. அத வச்சுத்தான் இத்தன வருசம் விடாம வரைஞ்சேன்."

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஏதோ நானே அவளுக்கு நல்லது செய்துவிட்டதைப் போலக்கூட ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வெள்ளைய அடிச்சத நா அன்னைக்கே விட்டுட்டேன், அண்ணாச்சி. எங்கப்பாவே சிரிச்சிட்டாவ, நா என்ன செய்ய. ஆனா நெழல் வேண்டாங்குற இந்த ஒத்த வார்த்தைய அஞ்சு வருசம் வாய்க்குள்ளயே வச்சிருந்தீய பாருங்க, அத என்னால தாங்க முடியல."

அவள் துணியை எடுத்துக் கீழுதட்டுக்குக் கீழே போட்ட இருட்டைத் துடைத்தாள். ஒரு தடவைதான் துடைத்தாள். உள்ளே இருந்து கேன்வாஸின் வெள்ளை வெளியே வந்தது, தாடை இடப்பக்கமாக ஒதுங்கியது. அவர் எதையோ புளுக ஆரம்பித்தார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நல்லா இருக்குளா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா, "வெளிச்சத்த மறைக்கீய."

நான் தள்ளி நின்றேன்.